வாழைநார் முடிச்சில் நின்ற பரங்கிப் பிஞ்சு

போன வருஷம் முழுக்கப் பூவாகவே உதிர்ந்த எங்கள் பள்ளித் தோட்டத்துப் பரங்கியில் இந்த முறை இரண்டு காய் தேங்காய் அளவுக்குத் திரண்டு நிற்கிறது. இரண்டுமே பிள்ளைகள் கையால் மகரந்தம் சேர்த்தவை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் டெல்டா களிமண்ணைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுப்பாத்தி, தொழு எரு, அரிசி ஆலையில் எரித்து மிஞ்சிய உமிச்சாம்பல். உமியை இப்போது கொதிகலனுக்கு விலை போட்டு வாங்குகிறார்கள். சாம்பலை மட்டும் அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நாற்றெல்லாம் கொட்டாங்குச்சியில்தான், பிளாஸ்டிக் பை கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று விதை ஊன்றினோம்.

சிக்கல் பூவில்தான். பரங்கிப்பூ விடியலில் விரிந்து உச்சி வேளைக்குள் சுருங்கிவிடும். பள்ளி மணி அடித்து, பிரார்த்தனை முடிந்து நாங்கள் தோட்டத்துக்குப் போவதற்குள் பாதி வேலை கெட்டுப்போகும். விதைக்கும் எடுக்க வேண்டும் என்பதால் இன்னொரு தொல்லை: மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒட்டுரகப் பரங்கி படர்ந்திருக்கிறது. தேனீ அங்கே உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தால் ரகம் கலந்துவிடும், காயைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த விதையை அடுத்த வருஷம் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் முதல் நாள் சாயங்காலமே கட்டிவிடுகிறோம். நுனி மஞ்சளாகி, மறுநாள் விரியப் போகிற மொட்டாகப் பார்த்து, ஆண் பூ, பெண் பூ இரண்டின் வாயையும் கட்ட வேண்டும். காலையில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சீக்கிரமே வந்து ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுவார்கள். காம்பில் ஓர் அடையாளத் துணி.

கேட்க எளிதுதான். கட்டுவதுதான் பாடு! தையல் நூல் இதழை அறுத்தது. காய்ந்த வாழைநார் இழுத்தால் ஒடிந்தது, தளர விட்டால் இரவிலேயே அவிழ்ந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டில் பூ கட்டிப் பழகியவள், "சார், நாரை நனைச்சுக் கிழிக்கணும்" என்று வாங்கி, நகத்தால் மெல்லிசாகக் கீறி, இரண்டு சுற்றுச் சுற்றி ஓர் உருவு முடிச்சுப் போட்டாள். காலையில் நுனியை இழுத்தால் இதழ் கசங்காமல் அவிழ்கிறது. இப்போது அவள்தான் அந்த வேலைக்கு வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை விரியும் பூவுக்கு என்ன செய்வது என்று மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. ஐப்பசி மழைக்கு முன் காய்க்கு அடியில் ஓட்டுச்சில்லு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் அழுகிவிடும். சத்துணவு அக்கா வேறு, பிஞ்சிலேயே பறித்துக் கூட்டு வைத்தால் என்ன என்று தினமும் கேட்கிறார். "காம்பு காயட்டும் அக்கா, விதை எங்களுக்கு, சதை உங்களுக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்குள் பிள்ளைகள் சுரைக்குத் தாவிவிட்டார்கள். சுரைப்பூ சாயங்காலம் விரியும், கடைசி மணிக்குப் பிறகு செய்ய அதுதான் வசதி. பந்தலுக்குப் பழைய சவுக்குக் கழி கிடைத்துவிட்டது. நாட்டு நீளச் சுரை விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்குப் பரங்கி விதை தருகிறோம், கார்த்திகை கழியட்டும்.