தேட வேண்டும் என்கிறது சட்டம்

1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளுக்காகவே எழுதப்பட்டது. அதன் 143 உறுப்புகளில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 129ஆம் உறுப்பைத்தான். கைதியை வேண்டுமென்றே கொல்வது, சித்திரவதை செய்வது, பிடித்த நாட்டின் படையிலேயே சேர்ந்து பணியாற்றக் கட்டாயப்படுத்துவது, நியாயமான விசாரணையை மறுப்பது ஆகியவற்றை அடுத்த உறுப்பு கடும் மீறல்கள் என்கிறது. அவற்றைச் செய்ததாகச் சொல்லப்படுவோரை, அவர்கள் எந்த நாட்டவராயினும், தேடிக் கண்டுபிடித்துத் தன் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், அல்லது வழக்கு நடத்த முன்வரும் வேறொரு நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 129 ஒவ்வொரு நாட்டையும் கட்டுப்படுத்துகிறது. வந்து சிக்கினால் விசாரிக்கலாம் என்று அது சொல்லவில்லை, தேடு என்கிறது. நடைமுறையில் காணாமல் போவது அந்த ஒரு சொல்தான்.

ஒரு நாடு தன் படையினரைத் தானே விசாரித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1921இல் லைப்சிக் நகரில் நடந்த வழக்குகளில் பார்க்கலாம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் ஏறத்தாழ 900 பேரை ஒப்படைக்கக் கோரிய நேச நாடுகள், பிறகு 45 பேர் கொண்ட பட்டியலோடு நின்று, அவர்களை ஜெர்மனியின் தலைமை நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்று விட்டுவிட்டன. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் கைதிகளைத் துப்பாக்கிக் கட்டையாலும் கைமுட்டியாலும் அடித்த கார்ல் ஹைனனுக்கு 10 மாதச் சிறை. பிளாவி-லெ-மார்டெல் முகாமுக்குப் பொறுப்பாயிருந்த கேப்டன் எமில் முல்லருக்கு 6 மாதம். காயமுற்ற பிரெஞ்சுக் கைதிகளைக் கொல்ல உத்தரவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெனரல் ஸ்டெங்கர் விடுதலையானார்; அப்படியோர் உத்தரவு இருப்பதாக எண்ணி நடந்துகொண்ட மேஜர் குரூசியஸுக்கு 2 ஆண்டு கிடைத்தது. வெறும் கண்துடைப்பு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நான் முழுதாக ஒப்பமாட்டேன். தோல்வியின் கசப்பு ஆறாத ஒரு நாட்டின் நீதிபதிகள், தம் படையினர் எதிரிக் கைதிகளை வதைத்தார்கள் என்று தீர்ப்பில் எழுதியது சிறிய காரியமன்று. ஆனால் வெளியார் பட்டியலை நீட்டியிராவிட்டால் அந்த வழக்குகளே இருந்திரா.

இதற்கு மாறான ஒன்று டென்மார்க்கில் நடந்தது. போஸ்னியப் போரில், 1993இல், குரோவேசியர் நடத்திய திரெதெல் முகாமில் அடைபட்டிருந்த ஒருவர், காவலர்களின் தயவால் சக கைதிகள்மீது அதிகாரம் பெற்று அவர்களையே அடித்து வதைத்தார். பின்னர் டென்மார்க்கில் தஞ்சம் கோரினார். அங்கே, அகதிகள் தங்கியிருந்த இடத்தில், அதே திரெதெலிலிருந்து தப்பி வந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்நாட்டின் பொதுத் தண்டனைச் சட்டத்தில் அப்போது போர்க்குற்றம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. கொடுங்காயம் விளைவித்தல் பற்றிய சாதாரணப் பிரிவுகளை ஜெனீவா உறுப்புகளோடு சேர்த்துப் படித்தே 1994இல் அவருக்கு 8 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று கைவிரிக்கும் அரசுகள் இந்த வழக்கைப் படிக்கலாம். எனினும் இங்கும் தேடியது அரசன்று, அடிபட்டவர்களின் கண்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் பிடிபட்ட எதிரிப் படைவீரர் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது, ஏனெனில் அவரும் போர்க்கைதியே. தண்டிக்கப்பட்ட பின்னும் உடன்படிக்கையின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்கிறது 85ஆம் உறுப்பு. அவசரத்தில் அவருக்கு நியாயமான விசாரணையை மறுக்கும் நாடு, தான் தண்டிக்க வந்த குற்றங்களின் பட்டியலில் தானும் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுப் போர்க்குற்றச் சட்டம் குற்றவாளியோ பாதிக்கப்பட்டவரோ அமெரிக்கராகவோ அந்நாட்டுப் படையினராகவோ இருந்தால்தான் செல்லும் என்றிருந்தது. தன் மண்ணில் இருக்கும் எவரையும் விசாரிக்கலாம் என்ற திருத்தம் 2023 ஜனவரியில்தான் வந்தது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இதில் தாராளமானது. குற்றம் எங்கே நடந்தாலும், செய்தவர் யாராயினும் செல்லும். வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனையோ ஆயுள் சிறையோ, மற்ற கடும் மீறல்களுக்கு 14 ஆண்டு வரை சிறை. ஆனால் அதன் 17ஆம் பிரிவின்படி, அரசோ அரசு அறிவித்த அதிகாரியோ புகார் கொடுத்தாலன்றி எந்த நீதிமன்றமும் வழக்கைக் கையில் எடுக்க முடியாது. திரெதெலிலிருந்து வந்தவர்களைப் போல் ஒருவர், தன்னை வதைத்தவனை இத்தகைய சட்டமுள்ள நாட்டில் தெருவில் கண்டால், நேரே நீதிமன்றப் படியேற இயலாது. அரசுக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.