டேப்லெட்டுக்கு ஆலை தேடல்: பினாங்கு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் 1972-லிருந்து சில்லு ஆலைகள் இருப்பதால் டேப்லெட்டையும் இங்கேயே செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆயத்த டேப்லெட் போர்டு (பாகங்கள் பொருத்திய மின்சுற்றுப் பலகை) வேண்டுமென்றால் சீனாவின் ஷென்சென் பக்கம்தான் போக வேண்டும். சிறு குழுவுக்குப் புது போர்டு வரையும் வேலை வேண்டாம். ஏற்கெனவே விற்பனையில் உள்ள மாடலில் நம் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தரும் ஆலை போதும்.

தேர்ந்தெடுத்த முதன்மைச் சில்லு: ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3566. நான்கு கார்டெக்ஸ்-ஏ55 கோர்கள், மாலி-ஜி52 கிராபிக்ஸ். மூல லினக்ஸ் கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இதை ஆதரிக்கிறது; கிராபிக்ஸுக்குப் பான்ஃப்ரோஸ்ட் என்ற திறந்தமூல டிரைவர் உண்டு. ஆண்ட்ராய்டு டிரைவரை மட்டும் நம்பியிருக்கும் சில்லு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

ஆலைகளுக்கு முதல் மின்னஞ்சல். விலையைக் கேட்கவில்லை. இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் பூட்டப்பட்டிருக்கிறதா? திரை, தொடுபரப்பு, வைஃபை மாட்யூல் என்ன மாடல்? எந்தப் பாகம் எங்கே இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும், அந்தப் போர்டுக்குரிய டிடிஎஸ் கோப்பு கிடைக்குமா?

"எஸ்டிகே (மென்பொருள் உருவாக்கத் தொகுப்பு) தருகிறோம்" என்றுதான் பதில் வரும். அது சில்லு நிறுவனத்தின் பொது மூட்டை; போர்டின் மின்சார இணைப்பு, ஜிபிஐஓ (சில்லின் கட்டுப்பாட்டுப் பின்) எண்கள் எதுவும் அதில் இருக்காது. கெர்னல் ஜிபிஎல் 2 என்ற திறந்தமூல உரிமத்தில் வருவதால் மூலத்தைக் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் விற்பனையாளரிடம் சட்டம் பேசினால் பதிலே நின்றுவிடும். பொறியாளரைப் பிடித்து அந்த ஒரு கோப்பை மட்டும் கேட்பதே மேல். கிடைக்காவிட்டால், மாதிரிக் கருவியில் ரூட் (முழு நிர்வாக) அனுமதியோடு /சிஸ்/ஃபர்ம்வேர்/எஃப்டிடி கோப்பை நகலெடுத்து டிடிசி என்ற கருவிநிரலால் பிரித்துப் படிக்கலாம். பெயர்கள் போய்விடும், எண்கள் மிஞ்சும்.

மார்ச் 13, வியாழன்

மாதிரி வந்தது. பின்மூடியைத் திறந்தால் டிஎக்ஸ் (அனுப்ப), ஆர்எக்ஸ் (பெற), கிரவுண்ட் என மூன்று பேட்கள் (கம்பி பற்றவைக்கும் புள்ளிகள்); கருவி தொடங்கும்போது வரும் செய்திகளை இவற்றின் வழியே கணினியில் படிக்கலாம். இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும். அதன் மின்சாரம் தரும் கம்பியை இணைக்கவே கூடாது. வேகம் நொடிக்கு 1500000 பிட். வழக்கமான 115200-இல் குப்பை எழுத்துதான் வரும். பழைய சிபி2102 அடாப்டர் 10 லட்சத்தைத் தாண்டாது. சிஎச்340 அல்லது எஃப்டி232 வாங்குங்கள்.

எதையும் எழுதுமுன் இஎம்எம்சி (உள் சேமிப்பகம்) முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் வரிசை எண்ணும் மேக் முகவரியும் (வலையமைப்பில் கருவியின் அடையாள எண்) திரும்பாது.

திரை கறுப்பாகவே நின்றால் பேனல் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் மின்சாரம் தரும் வரிசையோ, டிஎஸ்ஐ (திரை இணைப்பு) தொடக்கக் கட்டளைகளுக்கு இடையிலான தாமதமோ பிசகியிருக்கும். தொடுபரப்பு கூடிக்ஸ் ஜிடி911 என்றால் ஐ2சி என்ற சில்லுகளுக்கிடையிலான இணைப்பில் 0x5டி அல்லது 0x14 முகவரியில் தென்படும்.

வைஃபையைக் கடைசிக்குத் தள்ளக்கூடாது. 2023-இல் பைன்டேப்2 என்ற லினக்ஸ் டேப்லெட் வந்தபோது அதன் வைஃபை சில்லுக்கு லினக்ஸ் டிரைவர் தயாராக இல்லை.

மார்ச் 24, திங்கள்

ஒப்பந்த வரைவு. கேடிஇ என்ற லினக்ஸ் மென்பொருள் குழுவின் பக்கம் 2012-இல் அறிவிக்கப்பட்ட விவால்டி டேப்லெட் நின்றுபோனதற்கு ஒரு முக்கியக் காரணம், ஆலை உள்ளே இருந்த பாகங்களைச் சொல்லாமல் மாற்றியதுதான். ஆண்ட்ராய்டு விற்பவருக்கு வேறு பேனல் வந்தால் கவலையில்லை, ஆலையே டிரைவரைச் சேர்த்துவிடும். நமக்கோ அப்படி வந்த கருவிகளில் திரையே எழாது.

ஆகவே பேனல், தொடுசில்லு, வைஃபை, ரேம், இஎம்எம்சி, சார்ஜிங் சில்லு ஆகிய ஆறும் மாடல் எண்ணோடு பட்டியலில் வரும். மாற்றினால் 30 நாள் முன்னறிவிப்பு, இரண்டு மாதிரி. வைஃபைக்கு இது இரட்டிப்பு அவசியம்: மலேசியாவில் விற்க சிரிம் என்ற சோதனை நிறுவனத்தின் சான்று வேண்டும், மாட்யூல் மாறினால் சோதனையும் மறுபடி. இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரையிட்ட மாதிரி ஒன்று அவர்களிடம், ஒன்று நம்மிடம். இதற்கு ஒப்பாத ஆலையிடம் விலை பேசப்போவதில்லை. நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு முன் வரைவு போய்விடும்.