சங்கிலியால் அடித்துப் பாதை திறந்த தாங்கிகள்

கொழும்பில் கண்ணிவெடிப் பேச்சு எழுந்தால், "முகமாலைக்கு ஒரு மெஷினை விட்டு அடிச்சு முடிக்கேலாதா?" என்று யாராவது கேட்பார்கள். முகமாலை, போரில் கண்ணிவெடி நிறையப் புதைக்கப்பட்ட இலங்கையின் வடபகுதி ஊர். அப்படி அடிப்பதற்கென்றே இரண்டாம் உலகப் போரில் யுத்தத் தாங்கிகள் (டாங்கிகள்) இருந்தன. அவை என்ன செய்தன என்று பார்த்தால் விடை தானாக வரும்.

தாங்கியின் முன்னே இரண்டு இரும்புக் கைகள், அவற்றுக்கிடையே சுழலும் உருளை, உருளையில் தொங்கும் சங்கிலிகள். உருளை சுழலும்போது சங்கிலி நிலத்தை ஓங்கி அறைய, அந்த அழுத்தத்தில் வெடி தாங்கிக்கு முன்னாலேயே வெடித்துவிடும். யோசனை ஆபிரகாம் டூ டொய்ட் என்ற தென்னாபிரிக்க மேஜருடையது. 1942 ஒக்டோபரில் எகிப்தின் எல் அலமைன் போரில் இறங்கிய மட்டில்டா ஸ்கோர்ப்பியன் என்ற பிரித்தானியத் தாங்கியில் உருளைக்கென்று தனி எஞ்சின், தாங்கியின் பக்கவாட்டில் ஒரு பெட்டிக்குள். அதை இயக்குபவரும் அதே பெட்டிக்குள்தான். பாலைவனத் தூசி வடிகட்டியை அடைக்க எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

பின்னால் வந்த ஷேர்மன் கிராப் என்ற தாங்கி இதைத் திருத்தியது. உருளையைத் தாங்கியின் சொந்த எஞ்சினே சுழற்றியது. 43 சங்கிலிகள், நிமிடத்துக்கு 142 சுற்று. மேட்டில் ஏறும்போது தாங்கி மெதுவானாலும் அடியின் வேகம் குறையாதிருக்கத் தனிக் கியர்பெட்டி வைத்தார்கள். உருளையின் இரு முனையிலும் முட்கம்பி வெட்டும் பற்கள். அடிக்கும்போது வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர்தான். காலிமுகத்திடல் நீளத்துக்கு அடித்துப் போகக் கால்மணி நேரம் பிடிக்கும். எதிரியின் பீரங்கிக்கு இதைவிட வசதியான இலக்கு வேண்டுமா?

திறக்கும் பாதை ஏறத்தாழ 3 மீட்டர் அகலம். அதனால் பல தாங்கிகள் ஒன்றன் பக்கம் ஒன்று சற்றுப் பின்தங்கி, அடித்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படும்படி போகும். புழுதியில் சாரதிக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் வருபவர்களுக்குப் பாதையைக் காட்ட, தாங்கியிலிருந்து சுண்ணாம்புத் தூள் சிறிது சிறிதாகக் கொட்டிக்கொண்டே வரும்.

இந்த முறை பிழைவிடும் இடங்கள் இனித்தான். ஒவ்வொரு வெடியும் சங்கிலியின் ஒரு துண்டைத் தின்னும். ஒரு டஜன் வெடிக்குச் சற்று மேலே போனால் சங்கிலி மாற்றியாக வேண்டும். தாங்கிகளைத் தகர்க்கப் புதைத்த ஜேர்மன் டெல்லர் வெடி ஒன்றில் மட்டும் ஐந்தரைக் கிலோ அளவு வெடிமருந்து. அடுத்தது பள்ளம். முதல் கிராப்பில் உருளை நின்ற உயரத்திலேயே நிற்கும். பள்ளத்துக்குள் இருந்த வெடிக்கு அடி எட்டாது. இரண்டாவது வகையில் கைகளுக்கு எதிர்ப்பாரம் வைத்து, நிலம் தாழ்ந்தால் உருளையும் தாழும்படி செய்தார்கள். ஆழமாய்ப் புதைத்ததற்கு அதுவும் மருந்தல்ல.

போரில் இதெல்லாம் பெரிய குறையில்லை. நூறில் சில தவறினாலும் படை கடந்துவிடும். ஆனால் மீள்குடியேறி மிளகாய் நடப்போகும் காணியில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. அங்கே கிடப்பவை பெரும்பாலும் டெல்லர் மாதிரி கனத்தவையுமல்ல. பி4, ரங்கன் 99 போன்ற சின்ன மிதிவெடிகள். சங்கிலி பட்டால் சில வெடிக்கும், சில வெடிக்காமலே உடைந்து சிதறும், சில தூக்கி எறியப்பட்டு ஏற்கெனவே துப்புரவான பக்கத்தில் விழும். சிதறிய உலோகத்துண்டு ஒவ்வொன்றுக்கும் உலோகம் தேடும் டிடெக்டர் கத்தும்.

ஆகவே மெஷின் பற்றையை வெட்டவும் மண்ணை இளக்கவும் உதவும். அதன் பின்னால் ஆள் இறங்கத்தான் வேண்டும். உலோகம் நிறைந்த முகமாலை மணலில் டிடெக்டரும் எடுபடாத இடங்களில் கையால் வாரும் ரேக்தான். பாரமான ரேக்கைக் கொண்டு மண்ணை இளக்கி, இலேசான ரேக்கைக் கொண்டு வாரி எடுப்பார்கள். மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டிலிருந்தே வருவார்கள், ஏனென்றால் அமுக்கினால் வெடிக்கும் தட்டு மேலேதான் இருக்கிறது.