மரப்படி கத்துதுன்னு பேத்துறாதீங்க

மதுரை மாசி வீதி பக்கம் பழைய வீடுகள்ல, கிரீச்சுன்னு கத்துதுன்னே தேக்குப் படியைப் பேத்துட்டு சிமெண்ட் படி கட்டுறாங்க. மனசு வலிக்குது. வெயில்ல மரம் சுருங்கி ஆணி பிடி விட்டுரும். மிதிக்கும்போது பலகை உரசும், அதான் சத்தம்.

ஒருத்தரை மேல மிதிக்கச் சொல்லிட்டு அடியில நின்னு பாருங்க, அசையுற இடம் கண்ணுக்கே தெரியும். எங்க வீட்ல ஒரு ஆணி தலை தூக்கி, தேஞ்சு பளபளன்னு நின்னுச்சு. ஆசாரி அண்ணன் மெல்லிசா ஆப்பு சீவி, ஃபெவிக்கால் தடவி இடுக்குல செருகுனாரு. ஓங்கி அடிச்சா பலகை தூக்கிருமாம். ஆணிக்குப் பதிலா ஸ்குரு. முதல்ல துளை போட்டுத்தான், இல்லேன்னா பழைய தேக்கு பிளந்துரும்.

லேசான சத்தம்னா இடுக்குல முகப்பவுடர் தூவிப் பாருங்க. எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசி அப்பிக்கும்.