ஃபியூஸுக்கு ராயல்டி

போர்ல யாருக்கு காசுன்னு கேட்டா எல்லாரும் டக்குனு ஆயுத கம்பெனின்னு சொல்லிடுவாங்க, சரிதான், ஆனா அந்த காசு எந்த வழியா போகுதுன்னு பாத்தாதான் வயிறு எரியும்.

ஜெர்மனில க்ரூப்னு பெரிய பீரங்கி கம்பெனி. குண்ட வெடிக்க வைக்க அதோட மூக்குல மாட்டற ஃபியூஸ் ஒண்ணுக்கு அவங்ககிட்ட பேட்டன்ட் இருந்துச்சு, முதல் உலகப்போருக்கு ரொம்ப முன்னாடியே பிரிட்டன்ல இருந்த விக்கர்ஸ்ங்கற ஆயுத கம்பெனிக்கு அத லைசென்ஸ் குடுத்துட்டாங்க, ஒரு ஃபியூஸுக்கு இவ்ளோ ராயல்டின்னு பேச்சு. 1914ல சண்டை வந்துச்சு, அந்த ஃபியூஸ் மாட்டுன குண்டுங்க லட்சக்கணக்குல ஜெர்மன்காரன் தலையிலயே விழுந்துச்சு. சண்டை முடிஞ்சதும் க்ரூப் துக்கம் விசாரிக்கல, இத்தன ஃபியூஸ் ஆச்சு பாக்கிய எடுன்னு விக்கர்ஸ் மேல கேஸ் போட்டாங்க! கேட்டது முழுசா வரல, 1926ல 40,000 பவுண்டுக்கு செட்டில் ஆச்சு.

எரியற வீட்ல புடுங்குனது லாபம்னு சொல்வோம்ல, இங்க அள்ளிக்கிட்டு ஓடறதெல்லாம் கிடையாது, எல்லாத்துக்கும் ரசீது இருக்கு. அதே போர்ல அமெரிக்கால செலவு எவ்ளோ ஆகுதோ அதுக்கு மேல இத்தன பர்சென்ட் லாபம்னு கான்ட்ராக்ட் போட்டாங்க, செலவ ஏத்துனா லாபமும் ஏறும்னா எவன் சிக்கனமா செய்வான், அப்புறம் அந்த மாதிரி கான்ட்ராக்டையே தடை பண்ண வேண்டியதாச்சு.

கப்பல் இன்சூரன்ஸ் இன்னும் சத்தமில்லாத ஆட்டம். செங்கடல் பக்கம் கப்பலுங்க மேல தாக்குதல் ஆரம்பிச்சப்புறம் 2024 தொடக்கத்துல ஒரு தடவ அந்த வழியா போறதுக்கு போர் ப்ரீமியம், அதாவது போர் ஆபத்துக்குன்னு கட்டற இன்சூரன்ஸ் காசு, கப்பல் மதிப்புல கிட்டத்தட்ட 1 சதவீதம் வரைக்கும் போச்சு, அதாவது 10 கோடி டாலர் கப்பல்னா 10 லட்சம் டாலர். அடி விழுந்தா குடுக்கணும்தான், விழாம போற கப்பல்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும்படி.

கடைசியா வட்டி. 1917ல பிரிட்டன் போருக்குன்னு ஜனங்ககிட்ட கடன் பத்திரம் வித்துச்சு. வாங்குனவங்கள்ல சின்ன ஆளுங்களும் நெறைய பேரு, 1932ல வட்டிய வேற 5 சதவீதத்துலேர்ந்து மூணரையா கொறச்சுட்டாங்க, அதனால எல்லாரையும் கொள்ளக்காரன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கடன் அடைஞ்சது எப்ப தெரியுமா, 2015 மார்ச்ல. அந்தப் போர்ல சண்டை போட்டவங்கள்ல கடைசி ஆள் 2011லயே போய் சேந்துட்டாரு, வட்டி மட்டும் அதுக்கப்புறமும் நாலு வருஷம் போய்ட்டே இருந்துச்சு.