அம்மாவும் செவலை நாயும்

அப்பா இறந்த பின் பாம்பனில் எங்கள் அம்மா பல வாரங்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை; வலை உலர்த்தும் திடலிலிருந்து வந்து திண்ணையோரம் படுத்துக்கொண்ட செவலை நாயின் காதில் உண்ணி பொறுக்கத் தொடங்கிய அன்றுதான், "இதுக்குக் கொஞ்சம் சோறு வைப்பா" என்று வாய் திறந்தார்.

அது பயிற்சி பெற்ற சிகிச்சை நாய் அன்று. சாந்த குணம் சோதிக்கப்பட்டு, தடுப்பூசி போடப்பட்டு, நோயாளிகளுக்கு ஆறுதல் தர உரிமையாளருடன் மருத்துவமனைகளுக்குச் சென்றுவரும் நாய்களையே அப்பெயரால் அழைக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களையும் பூனைகளையும் 10 நிமிடம் தடவிக்கொடுத்த மாணவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் குறைந்திருந்தது.

மருத்துவர் கொடுத்த மாத்திரையை அம்மா நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் காலையில் அவர் பாயை விட்டு எழுந்ததே அந்த நாய்க்குச் சோறு வைக்கத்தான்.