1 ஸ்பேட், 1 நோ ட்ரம்ப், 2 ஹார்ட்: துருப்பு லீட் பலித்த கை

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் காகிதத்தில் மட்டும் சரியாக வந்துகொண்டிருந்த துருப்பு லீட் (முதல் சீட்டாகத் துருப்பை ஆடுவது) ஒருவழியாக மேசையிலும் பலித்துவிட்டது. ஏலம் 2 ஹார்ட் (ஹார்ட் துருப்பாக எட்டு ட்ரிக், அதாவது எட்டுப் பிடி, எடுக்க வேண்டும்), முடிவு ஒன் டவுன், ஒரு ட்ரிக் குறைவு. பக்கத்து மேசையில் இதே போர்டில் (இதே சீட்டுப் பிரிப்பில்) டைமண்ட் குயின் இறங்கி, டிக்ளேரர் (ஏலத்தை எடுத்து ஆடுபவர்) எட்டு ட்ரிக் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு ட்ரிக் எங்கிருந்து வந்தது என்று நாலு கையையும் விரித்துப் பார்த்துவிடலாம்.

ஏலம்: தெற்கு 1 ஸ்பேட், வடக்கு 1 நோ ட்ரம்ப், தெற்கு 2 ஹார்ட், பிறகு எல்லோரும் பாஸ். டிக்ளேரர் தெற்கு; மேற்கு, அதாவது நாம், லீட் போட வேண்டும்.

மேற்கு: ஸ்பேட் ஏஸ்-குயின்-ஜாக்-9, ஹார்ட் 7-6-3, டைமண்ட் குயின்-ஜாக்-10-2, கிளப் ஜாக்-8.
வடக்கு (டம்மி, மேசையில் விரித்து வைக்கும் டிக்ளேரரின் பார்ட்னர் கை): ஸ்பேட் 8, ஹார்ட் குயின்-ஜாக்-4, டைமண்ட் 9-8-7-5-4, கிளப் ஏஸ்-9-6-5.
கிழக்கு: ஸ்பேட் 10-5-3, ஹார்ட் 9-8-2, டைமண்ட் கிங்-6-3, கிளப் கிங்-குயின்-10-3.
தெற்கு: ஸ்பேட் கிங்-7-6-4-2, ஹார்ட் ஏஸ்-கிங்-10-5, டைமண்ட் ஏஸ், கிளப் 7-4-2.

மேற்கு கையைப் பார்த்ததும் விரல் டைமண்ட் குயினுக்குத்தான் போகும். குயின்-ஜாக்-10 வரிசை, பாதுகாப்பான லீட், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏலம் வேறு கதை சொல்கிறது. வடக்கு 2 ஸ்பேடுக்குத் திரும்பாமல் 2 ஹார்ட்டில் பாஸ் சொல்லிவிட்டார். அப்படியென்றால் டம்மியில் ஸ்பேட் ஒன்றோ, அதுவும் இல்லையோ. தெற்கின் ஐந்து ஸ்பேடுக்கு மேலே நம்முடைய ஏஸ்-குயின்-ஜாக்-9 உட்கார்ந்திருக்கிறது, அந்த சூட் அவருக்கு ஓடவே ஓடாது. அவருக்கு இருக்கிற ஒரே வழி, ஸ்பேடை டம்மியில் வெட்டுவது (அந்த சூட் தீர்ந்ததும் துருப்பால் பிடிப்பது). ஆகவே நாம் அடிக்க வேண்டிய இடம் டம்மியின் துருப்பு.

தெற்கில் நாலு, டம்மியில் மூன்று, மொத்தம் ஏழு துருப்பு. தனித்தனியாக வெட்டினால் ஏழும் ஏழு ட்ரிக். நாம் துருப்பு ஆடும்போதெல்லாம் அவருடைய இரண்டு துருப்பு ஒரே ட்ரிக்கில் விழுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு ட்ரிக் குறைகிறது.

டைமண்ட் குயின் லீட் வந்தால் டிக்ளேரர் ஏஸில் பிடித்து, சின்ன ஸ்பேட் ஒன்றை விட்டுக்கொடுப்பார். மேற்கு 9-இல் பிடித்து அப்போது ஹார்ட் போடலாம், ஆனால் ஒரு சுற்று தாமதமாகிவிட்டது. கையில் ஹார்ட் 10, பிறகு கிளப் ஏஸ், அதன் பின் டைமண்ட் வெட்டு, ஸ்பேட் வெட்டு, டைமண்ட் வெட்டு, ஸ்பேட் வெட்டு. கடைசி டைமண்டைக் கிழக்கு வெட்டினாலும் தெற்கின் ஹார்ட் ஏஸ் அதற்கு மேல் விழும். துருப்பில் ஆறு, இரண்டு ஏஸ், ஆக எட்டு.

ஹார்ட் 3 லீட் வந்தால் கணக்கே மாறுகிறது. 10-இல் பிடித்தாலும் ஸ்பேட் ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். மேற்கு பிடித்ததும் இரண்டாவது ஹார்ட். டம்மியில் மிச்சம் ஒரே துருப்பு. துருப்பில் ஐந்து, இரண்டு ஏஸ், ஏழோடு நின்றுவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். அந்த ஸ்பேடை 9-ஆல்தான் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஏஸைப் போட்டால் தெற்கின் கிங் உயிர் பெற்று எட்டாவது ட்ரிக் ஆகிவிடும், லீட் அத்தனையும் வீண். இன்னொன்று, தெற்கிடமே ஸ்பேட் ஏஸ் இருந்தால் துருப்பு லீட் ஒரு வெட்டைத்தான் குறைக்கும், ஏனென்றால் நமக்கு இரண்டாம் முறை ஆட நேரம் கிடைக்காது. நமக்கு ஸ்பேட் பலமாக இருக்கும்போதுதான் இந்த லீட்டுக்கு முழு வீரியம்.

எல்லாக் கைக்கும் இது பொருந்தாது. கையில் துருப்பு ஒற்றையாக இருந்தால் தொடவே கூடாது, பார்ட்னரின் குயின்-x-x-ஐ (x என்றால் ஏதோ ஒரு சின்னச் சீட்டு) நாமே டிக்ளேரருக்குக் காட்டிக்கொடுத்துவிடுவோம். நாலு துருப்பு இருந்தால் நீளமான சூட்டை ஆடி டிக்ளேரரை வெட்ட வைத்துக் களைக்கச் செய்வது மேல். டம்மி ஏலத்தில் ஐந்தாறு சீட்டு சைட் சூட் (துருப்பல்லாத சூட்) காட்டியிருந்தால் துருப்பு ஆடி நேரத்தைக் கொடுக்கக் கூடாது, நம் ட்ரிக்குகளை முதலில் பிடுங்க வேண்டும். ஏஸ்-x-x இருந்தால் சின்னது போடுவது அருமையான லீட், அடுத்த முறை பிடித்ததும் ஏஸும் மூன்றாவதும் சேர்ந்தே போகும். எதிராளியின் 1-லெவல் ஏலத்துக்கு நாம் சொன்ன டேக்அவுட் டபுளை (பார்ட்னரை ஒரு சூட் சொல்லக் கேட்கும் டபுளை) பார்ட்னர் பாஸ் செய்து பெனால்டியாக மாற்றினால் துருப்பு லீட் ஏறக்குறைய கட்டாயம்.

டபுள் டம்மி மென்பொருளில் இதே மேற்குக் கையை நிறுத்தி, தெற்குக்கு ஐந்து ஸ்பேட், நாலு ஹார்ட், 11 முதல் 17 புள்ளி (பெரிய சீட்டுகளின் மதிப்பு), வடக்குக்கு அதிகபட்சம் ஒரு ஸ்பேட், குறைந்தது மூன்று ஹார்ட், 6 முதல் 10 புள்ளி என்று கட்டுப்பாடு வைத்துப் பிரிக்கலாம். ஆனால் அதன் முடிவை அப்படியே நம்பக் கூடாது. அது 52 சீட்டையும் பார்த்து ஆடுகிறது, பார்ட்னரின் குயினை எப்படியும் பிடித்துவிடும். ஆகவே துருப்பு லீட்டால் அந்த குயின் மாட்டிக்கொள்ளும் நஷ்டம் அதன் கணக்கில் ஏறவே ஏறாது. மேசையில் ஏறும். இந்த ஓட்டையை மனதில் வைத்துத்தான் எண்களைப் படிக்க வேண்டும்.

கையால் பிரித்துப் பழகுவோருக்கு: 13 சீட்டை நிறுத்தி மிச்சம் 39-ஐத் திரும்பத் திரும்பக் கலைப்பதில் காகிதச் சீட்டு சீக்கிரம் முனை மடங்கும், பிளாஸ்டிக்தான் தாங்கும். கடையில் கேட்காமல் வாங்கினால் 63 மி.மீ. அகலமுள்ள போக்கர் அளவைத் தந்துவிடுவார்கள். 57 மி.மீ. பிரிட்ஜ் அளவு என்று சொல்லி வாங்கினால் 13 சீட்டும் கையில் ஒழுங்காக விரியும்.

அடுத்து 1 நோ ட்ரம்ப் – 3 நோ ட்ரம்ப் ஏலத்துக்கு மேஜரா (ஸ்பேட், ஹார்ட்) மைனரா (டைமண்ட், கிளப்) என்ற லீட்டை எடுக்கப்போகிறேன். அதற்கு முன் இந்தக் கையிலேயே ஒரு பாக்கி இருக்கிறது. மேற்கின் ஹார்ட் 7-6-3-க்குப் பதில் குயின்-7-3, டம்மியிடம் ஜாக்-6-4. துருப்பு லீட் குயினைக் காவு கொடுக்குமா, டைமண்ட் குயின்தான் சரியா? ஹார்ட் 10 எந்தக் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு விதமாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும்.